விஸ்மாவின் தூண்டில் ஈயம்

அந்த ஏரிக்கரை ஊரின் ஆஸ்பத்திரியில் போய் "விஸ்மா எங்கே?" என்று கேட்டால் எந்த விஸ்மா என்பார்கள். "ஈயக்காரி எங்கே?" என்று கேட்டால் துடைப்பக்காரர்கூடத் துடைப்பத்தை நீட்டி எக்ஸ்ரே அறையைக் காட்டிவிடுவார். முப்பத்தொரு வருஷமாக அங்கே படம் எடுக்கிறவள் அவள். வயது ஐம்பத்திரண்டு. ஆள் குள்ளம், நடை வேகம், வாய் அதைவிட வேகம். வெள்ளைக் கோட்டின் பையில் எந்நேரமும் ஒரு தூண்டில் ஈயம் கிடக்கும். புருஷன் ஆர்விட்ஸின் மீன்பிடிப் பெட்டியிலிருந்து எடுத்தது. தொலையத் தொலைய இன்னொன்று எடுத்துக்கொள்வாள். "ஏரியில இருக்கிற மீனைவிட உன் ஆஸ்பத்திரியிலதான் என் ஈயம் அதிகமா முழுங்கியிருக்கு" என்று அவன் புலம்புவதுண்டு.

மார்பைப் படம் எடுக்கும் முன் அந்த ஈயத்தை நோயாளியின் இடது காறை எலும்பின்மேல் வைத்துப் பிளாஸ்திரி போடுவாள். படத்தில் அது வெள்ளைப் பொட்டாக விழும். பொட்டு இருக்கிற பக்கம் இடது, அவ்வளவுதான். பக்கம் காட்டப் படத்திலேயே எழுத்து விழும்போது ஈயம் எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். எழுத்தைப் பற்றி விஸ்மாவிடம் பேசக் கூடாது. ஒரே ஒரு எழுத்து அவளுடைய ஒன்பது வருஷ நிம்மதியைத் தின்றிருந்தது.

அது 'எல்'. லாட்விய மொழியில் வலது பக்கத்துக்கு 'லாபா' என்று பெயர். நல்லது என்பதற்கும் அதே சொல்தான். அதனால் காலங்காலமாக எக்ஸ்ரே படத்தில் 'எல்' இருந்தால் அது வலது. பிறகு நாடு சோவியத்திடமிருந்து விடுதலை பெற்றது. மேற்கேயிருந்து பழைய மெஷின்களும் ஃபிலிம் பெட்டிகளும் இலவசமாக வந்து இறங்கின. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். ஆனால் அந்தப் பெட்டிகளின் ஒரு மூலையில் பிய்க்க முடியாதபடி 'எல்' பதித்திருந்ததை யாராவது பார்த்திருக்கலாம். அந்த நாடுகளில் 'எல்' என்றால் இடது. ஆக, எந்த மொழியில் நினைத்துக்கொண்டு பெட்டியை முதுகுக்கடியில் செருகினார்களோ, அந்த மொழிப்படி அந்த ஆஸ்பத்திரியில் மனிதர்களின் வலமும் இடமும் மாறிக்கொண்டிருந்தன.

தொண்ணூற்றேழில் இல்க்வர்ஸ் என்கிற பால் லாரி ஓட்டுநர் மோட்டார் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்து வந்தான். இடது நுரையீரல் சுருங்கியிருந்தது. படம் எடுத்தவள் விஸ்மா. பழக்கதோஷத்தில் 'எல்' மூலையை வலது தோளுக்குக் கொடுத்தாள். அன்றிருந்த டாக்டர் புது வழக்கப்படி அதை இடது என்று படித்தார். நல்ல பக்கத்தில், அதாவது நிஜமாகவே நல்லாயிருந்த பக்கத்தில், ஓட்டை போட்டுக் குழாயைச் செருகிவிட்டார்கள். பத்து நிமிஷத்தில் தப்பு தெரிந்து மறுபக்கமும் ஓட்டை போட்டார்கள். ஆள் பிழைத்தான். ஆனால் இரண்டு மாதம் படுத்துக்கிடந்ததில், வலது கழுத்தில் மருந்துக்காகப் போட்டிருந்த குழாயில் ரத்தம் உறைந்து, அந்தப் பக்கத்துப் பெரிய சிரையே அடைத்துப்போனது. 'படத்தில் பிழை' என்று காகிதத்தில் எழுதி மூடினார்கள். யாருடைய பிழை என்று எழுதவில்லை. விஸ்மாவும் சொல்லவில்லை.

சொல்லாததற்கு அவளுக்குத் தண்டனையும் கிடைத்தது. ஜூன் இருபத்துமூன்று, லீகோ திருநாள். ஊரே ஏரிக்கரையில் நெருப்பு மூட்டி, பாலாடைக்கட்டியும் பீருமாக உட்கார்ந்து ஒருவரையொருவர் பாட்டில் கிண்டலடிக்கும். நாலே வரி, ஒவ்வொன்றுக்கும் 'லீகோ' என்று இழுவை. யாரை வேண்டுமானாலும் பாடலாம், யாரும் கோபப்படக் கூடாது, பதிலுக்குப் பாடித்தான் தீர வேண்டும். ஊரில் அந்தப் பாட்டுக்கு ராஜா இல்க்வர்ஸ்தான். பாதிரியார் முதல் பஞ்சாயத்துத் தலைவர் வரை அவன் வாய்க்குத் தப்பியவர் இல்லை. என்றைக்காவது அவன் தெரிந்துகொண்டு அதைப் பாடிவிடுவான் என்ற பயத்தில், ஒன்பது வருஷமாக விஸ்மா நெருப்புப் பக்கமே போகவில்லை. "முழங்கால் வலி" என்பாள். முழங்கால் என்ன பாவம் செய்ததோ, வருஷா வருஷம் சரியாக ஜூன் இருபத்துமூன்றில் வலித்தது.

இரண்டாயிரத்து ஆறிலும் அப்படித்தான், திருநாள் அன்று தானே கேட்டு டியூட்டி வாங்கிக்கொண்டாள். ஆம்புலன்ஸின் மூக்கில்கூட ஓக் கிளை கட்டியிருந்தார்கள். மத்தியானம் தீவிர சிகிச்சை அறையிலிருந்து போன் வந்தது. உருட்டு மெஷினைத் தள்ளிக்கொண்டு போனாள். வாசலில் கையில் ஓக் இலை மாலையோடு பெனிதா நின்றுகொண்டிருந்தாள். இல்க்வர்ஸின் மனைவி. காலையில் புருஷன் தலையில் வைக்கக் கட்டிய மாலை அது.

"அரிவாள் பட்டுச்சு விஸ்மா. திருநாளுக்குப் புல்லு அறுக்கிறேன்னு தொடையில வாங்கிக்கிட்டான். நாலு நாளா சொல்றேன், டாக்டர்கிட்ட போன்னு. கேட்டாத்தானே! வழியோர இலையை வச்சுக் கட்டினா ஆறுமே, வோட்கா ஊத்தினா ஆறுமேன்னான். இப்போ பேச்சே இல்ல."

அது அங்கே தெருவோரம் தரையோடு முளைக்கிற அகலிலைப் பூண்டு. அதன்மேல் இருக்கிற நம்பிக்கை அவர்களுக்கு ஆஸ்பத்திரிமேல் வராது. விஸ்மா மெஷினை உள்ளே தள்ளினாள்.

அவன் சாம்பல் நிறத்தில் கிடந்தான். புண்ணின் விஷம் ரத்தத்தில் ஏறி ரத்த அழுத்தம் கீழே விழுந்துகொண்டிருந்தது. அதை ஏற்றுகிற மருந்து கடுமையானது. இதயத்தின் வாசலில் இருக்கிற பெரிய சிரையில்தான் அதை விட வேண்டும். கையில் இருக்கிற மயிரிழைச் சிரையில் கொஞ்சமாகச் சொட்டவிட்டிருந்தார்கள். அந்தக் கை ஏற்கெனவே வெளுத்து வீங்கத் தொடங்கியிருந்தது. ஒரு தொடையில் புண். இன்னொரு தொடையில் இரண்டு முறை குத்தியும் கிடைக்கவில்லை. கழுத்தின் வலது பக்கம் அடைப்பு. மிச்சம் இருந்தது இடது கழுத்து மட்டும். விடுமுறை டியூட்டிக்கு ரீகாவிலிருந்து வந்திருந்த டாக்டர் ராய்திஸ் அதில் குழாயைச் செருகி முடித்திருந்தார். அது சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் படம்.

வலது கழுத்து ஏன் அடைத்தது என்று அந்த அறையில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் ஈயத்தை ஒட்டி, படத்தை எடுத்து, ஈயத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினாள். மூன்று நிமிஷத்தில் படம் வந்து விளக்குப் பெட்டியில் தொங்கியது.

இடது கழுத்தில் நுழைகிற குழாய் நெஞ்சுக்குள் குறுக்கே கடந்து, வலது பக்கம் வந்து இதயத்தை நோக்கி இறங்க வேண்டும். எல்லாருக்கும் பெரிய சிரை வலதில்தான் இருக்கிறது. இந்தக் குழாய் கடக்கவே இல்லை. முதுகெலும்பை ஒட்டி ஒரே பக்கமாக நேரே கீழே போயிருந்தது. கழுத்து படத்தில் விழவில்லை. படுத்தபடி எடுத்ததால் இதயத்தின் நிழலும் நடுவில் அகலமாகப் பரந்து, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்லாமல் நின்றது.

டாக்டர் குழாய் இறங்கிய பக்கத்து மூலையைப் பார்த்தார். "எல் போட்டிருக்கு. இந்த ஆஸ்பத்திரியில எல்-னா லாபான்னு வந்த அன்னிக்கே சொல்லிட்டாங்க. அப்போ இது வலது. குழா சரியான இடத்துலதான் இருக்கு. சிஸ்டர், மருந்தை ஆரம்பிங்க."

"இல்ல டாக்டர்" என்றாள் விஸ்மா. "அது இடது. ஈயத்தைப் பாருங்க. பொட்டு இருக்கிற பக்கம் இடது."

"தூண்டில் ஈயமா? முள்ளையும் சேர்த்துப் போட்டிருந்தா ரெண்டு மீனாவது தேறியிருக்கும்." அவருக்குச் சிரிக்க நேரமில்லை, சும்மா சொன்னார். "விஸ்மாம்மா, அவசரத்துல எழுத்தை மாத்தி வைக்கிறவங்க ஈயத்தை மாத்தி ஒட்ட மாட்டாங்களா? எதை வச்சு உங்களை நம்பறது?"

வாசலில் பெனிதா நின்றிருந்தாள். கதவு திறந்திருந்தது. மூடச் சொல்ல விஸ்மாவுக்குத் தோன்றியது. சொன்னால் தாமதம்.

"ஏன்னா ஒரு தடவை மாத்தியிருக்கேன்" என்றாள். "இதே எழுத்து. இதே ஆளு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால. நல்லாயிருந்த பக்கம் ஓட்டை போட்டதும், வலது கழுத்து அடைச்சுக்கிட்டதும் என்னாலதான். அன்னிலேருந்து ஈயம் இல்லாம நான் ஒரு படம் எடுத்ததில்ல. ஒட்டறதுக்கு முன்னால ஒவ்வொரு தடவையும் என் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கிட்டுத்தான் ஒட்டறேன். அது இடது, டாக்டர்."

வாசலில் ஏதோ விழுந்தது. மாலையாகத்தான் இருக்கும். விஸ்மா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் இல்லை.

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். கையை உயர்த்தி நர்ஸை நிறுத்தினார். நல்ல மனுஷர், வாய்தான் கொஞ்சம் நீளம். "சரி, இடதுன்னா இது தமனிக்குள்ள போயிருக்கு. இதயத்துலேர்ந்து ரத்தத்தை வெளிய தள்ளற பெருங்குழாய் அங்கதான் இறங்குது. இதுல மருந்தை விட்டிருந்தா ஆளையே கொன்னிருப்பேன்." நெற்றியைத் துடைத்துக்கொண்டு கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனார். "உருவிடறேன்."

"உருவாதீங்க!"

அவள் போட்ட சத்தத்தில் நர்ஸ் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"தமனின்னா, உருவினதும் ரத்தம் பீறிடும். அதைத் தைக்கிற டாக்டர் ரீகாவுல நெருப்புகிட்ட உட்கார்ந்திருக்கார். தமனி இல்லேன்னா, இவனுக்கு இருந்த ஒரே வழியை நீங்களே அடைச்சுடுவீங்க. என்னன்னு தெரியாம தொடாதீங்க."

"தமனி இல்லாம அங்க வேற என்ன இருக்கும்?"

விஸ்மாவுக்கு ஒரு அடிக்குறிப்பு ஞாபகம் வந்தது. இருபது வயதில், பஸ் வராத ஒரு மத்தியானம், பாடப்புத்தகத்தின் பொடி எழுத்துக்களைப் படித்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. கருவில் இருக்கும்போது எல்லாருக்கும் இரண்டு பெருஞ்சிரைகள். வலதில் ஒன்று, இடதில் ஒன்று. பிறப்பதற்குள் இடது சிரை வற்றிப்போய் நூலாகிவிடும். ஆயிரத்தில் மூன்று பேருக்கு மட்டும் வற்றாது. அது உள்ளே இருப்பது அவர்களுக்கே தெரியாது. அன்று பஸ் வந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். தன் நெஞ்சிலும் ஒரு வற்றிய ஆறு இருக்கிறது என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

"ரெண்டாவது பெருஞ்சிரை" என்றாள்.

"அதெல்லாம் புஸ்தகத்துல வர்றது."

"இவன் புஸ்தகத்தைப் படிக்காமப் பொறந்திருக்கலாம்ல?"

டாக்டர் வேலையில் இறங்கினார். ரத்தத்தின் நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. மூச்சுத் திணறுகிறவனுக்குத் தமனி ரத்தமும் கருத்துத்தான் இருக்கும். அதனால் கழுத்துக் குழாயோடு நீளமான கண்ணாடி மாதிரிக் குழாய் ஒன்றை இணைத்து மேலே தூக்கிப் பிடித்தார். தமனி என்றால் அழுத்தம் எவ்வளவு விழுந்திருந்தாலும் ரத்தம் ஒரு முழத்துக்கு மேல் துடித்துத் துடித்து ஏறும். மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

ரத்தம் ஒரு சாண் ஏறியது. நின்றது. அவன் மூச்சு இழுத்தபோது இறங்கியது, விட்டபோது கொஞ்சம் ஏறியது. அவ்வளவுதான்.

"சிரைதான்" என்றார் டாக்டர். குரல் இறங்கியிருந்தது. "ஆனா எந்தச் சிரை? குட்டிச் சிரை ஒண்ணுல மூக்கை நுழைச்சிருந்தா மருந்து அதை வெந்துபோக வச்சிடும். நீங்க சொல்றதுதான்னாலும், அது இதயத்தோட எந்த அறைக்குப் போகுது? பத்துப் பேர்ல ஒருத்தருக்குத் தப்பான அறைக்குப் போகும். ஒரு காத்துக்குமிழி போனாக்கூட நேரா மூளைக்கு. சாயம் விட்டுப் பார்க்கணும். நான் தள்ளறேன், நீங்க எடுங்க. ஒரு படம்தான் கிடைக்கும்."

சாயம் ஓடுகிற கணத்தில் பொத்தானை அமுக்க வேண்டும். முந்தினால் சாயம் வந்திருக்காது, பிந்தினால் போயிருக்கும். நல்ல உடம்பில் கண் இமைக்கிற நேரம். விஷம் ஏறிய உடம்பில் ரத்தம் தயங்கித் தயங்கிப் போகும். எவ்வளவு தயங்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. விஸ்மா ஈயத்தை எடுத்தாள், தன் இடது நெஞ்சைத் தொட்டாள், அவன் இடது காறை எலும்பில் ஒட்டினாள். கழுத்து நரம்பு துடிக்கிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"தள்ளுங்க."

ஒன்று. இரண்டு. இன்னும் இல்லை. மூன்று. அமுக்கினாள்.

படம் மெஷினிலிருந்து ஈரமாக வெளியே வந்தபோது அதை விளக்குக்குக் கொண்டுபோகக்கூட அவளுக்குப் பொறுமையில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

வெள்ளை ஆறு. சுண்டுவிரல் பருமனில், எங்கும் தடுக்காமல், ஈயப்பொட்டு இருக்கிற பக்கமாகவே இறங்கி, இதயத்தின் பின்னால் ஒளிந்து வளைந்து, மெதுவாகத் திரும்பி, போக வேண்டிய வலது அறைக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. யாரும் வெட்டாத வாய்க்கால். தாயின் வயிற்றில் எல்லாருக்கும் மூடிப்போனது இவனுக்கு மட்டும் மூடவில்லை. ஐம்பது வருஷம் வாழ்ந்து, பால் லாரி ஓட்டி, பீர் குடித்து, ஊரைப் பாட்டில் கிழித்த இந்த மனுஷனுக்குள் யாருக்கும் தெரியாமல் அது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. விஸ்மாவுக்கு உடம்பு சிலிர்த்தது. படம் கழுவுகிற அந்த இருட்டறை வாசலில் நின்று, கோவிலில்கூட அவள் அப்படி நின்றதில்லை, தலையைக் குனிந்தாள்.

அப்புறம் கணக்குப் போட்டாள். முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை ஆயிரம் மார்புகள்! ஆயிரத்துக்கு மூன்று என்றால், இந்த இரண்டாவது ஆறு குறைந்தது நூறு இருநூறு முறை அவள் கண் முன்னால் படுத்து, மூச்சை அடக்கி, சட்டையைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறது. உள்ளே குழாயோ சாயமோ போகாதவரை அது படத்தில் தெரியவே தெரியாது.

டாக்டர் படத்தை வாங்கிப் பார்த்தார். "நான் இதை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்றார். "உருவியிருப்பேன், விஸ்மாம்மா." பிறகு நர்ஸிடம், "இதுலயே ஆரம்பிங்க. கழுத்துப் பட்டையில பெருசா எழுதுங்க: இடது சிரை, உருவக் கூடாது" என்றார். 'எல்' என்று விடாமல் முழுச் சொல்லாக எழுதச் சொன்னதை விஸ்மா கவனித்தாள்.

அழுத்தம் ஏறியது. மறுநாள் காலை இன்னும் ஏறியது. பெனிதா வாசலிலேயே இருந்தாள், ஆனால் விஸ்மா கடந்து போகும்போதெல்லாம் சுவரைப் பார்த்தாள். நான்கு நாள் அப்படிப் போயிற்று. விஸ்மா வீட்டில் சாப்பிடவில்லை. ஆர்விட்ஸ் தன் பெட்டியிலிருந்து ஒரு புது ஈயத்தை எடுத்து அவள் கோட்டுப் பையில் போட்டு வைத்தான்.

ஐந்தாம் நாள் பெனிதா எக்ஸ்ரே அறை வாசலில் வந்து நின்றாள். "அவன் உன்னைக் கூப்பிடறான். எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றாள். "படத்தையும் எடுத்துட்டு வரச் சொன்னான்."

விஸ்மா இரண்டு படங்களை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டாவது, தொண்ணூற்றேழின் பிழைப் படம். ஒன்பது வருஷமாக அலமாரியின் அடியில் கிடந்தது. தலையணையில் சாய்ந்திருந்த இல்க்வர்ஸின் முன்னால் இரண்டையும் ஜன்னலில் பிடித்தாள். "இது நான் கெடுத்தது" என்றாள். "இதுலயும் அந்தச் சிரை இருக்கு. எனக்குத் தெரியல."

அவன் வெள்ளை ஆற்றின்மேல் விரலை வைத்து, அது போன வழியிலேயே மெல்ல இழுத்தான். பிறகு தொண்டையைச் செருமினான். ஜூன் இருபத்தொன்பது, பீட்டர் திருநாள்வரை லீகோ பாடலாம். அதற்கு இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது. குரல் தகரத்தில் ஆணி கீறினாற்போல வந்தது.

"சோத்துக்கை எது, பீச்சாங்கை எது,
சொல்லத் தெரியல ஈயக்காரிக்கு, லீகோ, லீகோ!
நல்ல பக்கம் பார்த்து ஓட்டை போட்டா,
நானும் வாங்கிக்கிட்டு நல்லாத்தான் கிடக்கேன், லீகோ!"

ஒன்பது வருஷம் பயந்த பாட்டு அதுதான். விஸ்மா படங்களைக் கட்டிலில் போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"அழுதா செல்லாது" என்றான் அவன். "பதில் பாடு. வழக்கம் தெரியாதா உனக்கு?"

மூக்கைக் கோட்டுக் கையில் துடைத்துக்கொண்டாள். ராகம் மறந்திருந்தது, ஒன்பது வருஷமாயிற்றே. தப்பான சுருதியில் பிடித்தாள்.

"ஊருக்கெல்லாம் ஒத்தை ஆறு,
உனக்கு மட்டும் ரெண்டு ஆறு, லீகோ, லீகோ!
ஒன்பது வருஷம் நான் ஒண்ணு ஒளிச்சேன்,
அம்பது வருஷம் நீ ஒண்ணு ஒளிச்சே, லீகோ!"

இல்க்வர்ஸ் சிரிக்கப் போய் இருமினான். "பாட்டு சுமார்தான். அடுத்த வருஷம் நெருப்புகிட்ட வந்து திருத்திப் பாடு. முழங்கால் வலின்னு சொன்னே, லாரியில தூக்கிப் போட்டுக்கிட்டுப் போவேன்."

பெனிதா மேஜைமேல் சீரகம் போட்ட திருநாள் பாலாடைக்கட்டியைத் தடியாக வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு துண்டைக் கத்தி முனையில் விஸ்மாவிடம் நீட்டினாள்.

"நான் இன்னும் மன்னிக்கல" என்றாள். "பிடி, தின்னு."